நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பொய்யை எப்படிக் கிழிப்பது?

கேள்வி: வணக்கம் சார். கோவை பக்கத்தில் மோட்டார் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக பி.ஆர்.ஓ.வாக (மக்கள் தொடர்பு அதிகாரி) இருக்கிறேன். மொத்தம் 400 பேர், அதில் நூறு பேருக்கு மேல் ஒடிசா, பீகார் பையன்கள். டீலர் மீட், ஆயுத பூஜை அழைப்பிதழ், பேப்பர் விளம்பரம் என்று போய்க்கொண்டிருந்த வேலை, மார்ச்சுக்குப் பிறகு கொரோனா நோட்டீஸ் எழுதும் வேலையாகிவிட்டது. ஜூலையில் அசெம்பிளியில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தது. வெளியே தெரியக் கூடாது என்றார் எம்.டி. "நமது வளாகம் முழுமையான பாதுகாப்புடன் இயங்குகிறது. வதந்திகளை நம்ப வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலமே சுகாதாரத் துறையில் இருந்து ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவியதை இரண்டு ஷிப்டும் நின்று பார்த்தது. இப்போது மேலும் நான்கு பேருக்கு வந்திருக்கிறது. போன வாரம் கேன்டீனில் ஒருவர் என் காதுபடவே, "மேடம் நோட்டீஸ் ஒட்டினாங்கன்னா யாருக்கோ வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். இதற்கு நடுவில் அடுத்த மாதம் முதல் 25 சதவீதம் சம்பளம் குறைக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெயில் போடச் சொல்கிறார்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் வேறு தினமும் போன் செய்கிறார். பொய் சொல்வதுதான் இந்த வேலையா சார்? விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை. செப்டம்பர் 2020.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேன்டீனில் அப்படிச் சொன்னவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கேலியாகச் சொல்லியிருந்தாலும், உங்கள் நோட்டீஸை வரிக்கு வரி படிப்பவர் அவர்தான். "பாதுகாப்பாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதினால் "ஏதோ நடந்திருக்கிறது" என்று சரியாகப் புரிந்துகொள்கிறார். அவர் படிக்கும் விதத்தில் ஒரு குறையும் இல்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பி.ஆர்.ஓ. புனேயில் முதல் மரணம் பதிவாகி ஊரெல்லாம் முகக்கவசம் தேடி அலைந்த ஆகஸ்ட் மாதம். காலை பதினொரு மணிக்கு ஒரு நிருபர் போன் செய்து, "உங்க ஆஸ்பத்திரியில் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை, தைரியமாகப் போடுங்கள்" என்றேன். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சோம்பல், அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் இருந்த ஒரு குழந்தையின் மாதிரியை முந்தின நாள் இரவே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் பேப்பரில் என் வாக்கும் பரிசோதனை முடிவும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அதற்குப் பிறகு அந்த நிருபர் நான் சொன்ன எதையும் நேராகப் போட்டதில்லை. என்னிடம் கேட்டுவிட்டு, வார்டு சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வார். இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

"இல்லை" என்று சொன்ன இடத்தில் "காலை பதினொரு மணி வரை எனக்குத் தெரிந்து இல்லை, வார்டில் கேட்டுவிட்டு அரை மணியில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் தொலைத்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முகக்கவசம், கை கழுவுதல், கபசுரக் குடிநீர் என்று புதிதாக எது ஒட்டினாலும் இப்போது எடுபடாது. அந்த போர்டில் ஜூலையில் ஒட்டிய பொய் இன்னும் அப்படியே இருக்கிறது. காகிதத்தை நீங்கள் எப்போதோ எடுத்திருப்பீர்கள், படித்தவர்கள் மனதில் இருந்து எடுக்க முடியவில்லை. அதனால் அடுத்த நோட்டீஸ் ஜூலை நோட்டீஸைப் பற்றித்தான் இருக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்களையும் தேதிகளையும் நீங்கள் சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

"ஜூலை மாதம் ஒட்டிய நோட்டீஸில் வளாகம் முழுப் பாதுகாப்பாக இருப்பதாக எழுதியிருந்தோம். அப்போதே அசெம்பிளியில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டது தவறு. வருந்துகிறோம்.

இன்று காலை 10 மணி வரை மொத்தம் ஐந்து பேருக்குத் தொற்று. மூன்று பேர் அசெம்பிளி, இரண்டு பேர் பவுண்டரி. ஒருவர் குணமாகிவிட்டார், நான்கு பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 7 முதல் 11 வரை முதல் ஷிப்டில் இவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களிடம் நேரில் பேசிவிட்டோம். நீங்களும் அப்படி வேலை செய்திருந்து உங்களிடம் யாரும் பேசவில்லை என்றால் உடனே டைம் ஆபீஸில் சொல்லுங்கள்.

எப்படிப் பரவியது என்று இன்னும் தெரியவில்லை. கேன்டீனா, கம்பெனி பஸ்ஸா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தகவல் நாளை மதியம் 2 மணிக்கு, ஷிப்டு மாறும்போது. புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அதையும் சொல்வோம்."

இதில் எம்.டி.க்கு உறுத்தப்போவது முதல் பத்தி. எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வரி. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலமானால் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்து சுகாதாரத் துறையின் அன்றைய எண்ணுக்காகக் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? நல்ல சேதி வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. குறித்த நேரத்தில் ஏதோ ஒன்று வரும் என்று தெரிந்தால் மனது அதுவரை பொறுக்கும். வருமா வராதா என்று தெரியாதபோதுதான் வாட்ஸ்அப்பைத் திறக்கிறோம்.

அந்த எண்களிலும் ஓட்டை இருந்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவுக்கும் மாநில அரசின் அறிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை என்று ஜூனில் செய்திகள் வந்தன. குழு அமைத்தார்கள், ஆராய்ந்தார்கள், ஜூலை 22 அன்று விடுபட்டுப்போன 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்தார்கள். திருத்தியது நல்லதுதான். ஆனால் அடுத்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வரும் திருத்தம், மாட்டிக்கொண்டு ஒப்புக்கொள்வது மாதிரியே தெரியும். உங்களுக்கும் அதே கதைதான், பிளீச்சிங் பவுடர் முந்திக்கொண்டது. அதனால் இந்த நோட்டீஸ் ஒரு நாள் திட்டு வாங்கும். கேன்டீனில் சிரிப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாவது ஆளுக்கு பாசிட்டிவ் வரும் நாளில் நீங்களே முதலில் சொல்லிவிட்டீர்கள் என்றால் சிரிப்பு குறையும்.

பெயர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பிரிவு, ஷிப்டு, தேதி போதும். யார் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும், இருந்தாலும் கம்பெனி எழுத்தில் போடக் கூடாது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர், சில ஊர்களில் தெருவை அடைத்துத் தகரம் என்று பார்த்துவிட்டோம். ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரையே நிம்மதியாக அடக்கம் செய்ய விடவில்லை. உங்கள் அசெம்பிளிக்காரர் சிகிச்சை முடிந்து வாடகை வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? வீட்டுக்காரர் கையில் உங்கள் நோட்டீஸின் போட்டோ இருக்கக் கூடாது. அவர் வேலைக்குத் திரும்பும் நாளில் சூப்பர்வைசர் கேட்டில் நின்று கூட்டிப்போனால், பத்து விழிப்புணர்வு போஸ்டரின் வேலை அதில் முடிந்துவிடும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "காய்ச்சல், இருமல் இருந்தால் வேலைக்கு வர வேண்டாம்" என்று நீங்களும் ஒட்டியிருப்பீர்கள். வராத நாளுக்குச் சம்பளம் உண்டா என்று அதில் இருந்ததா? இருந்திருக்காது. அப்படியானால் அந்த நோட்டீஸைப் படித்தவர் என்ன செய்வார்? வீட்டில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, இரண்டு சக்கர வண்டியில் நெற்றியில் காற்று வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். உங்கள் செக்யூரிட்டி அண்ணன் தெர்மல் ஸ்கேனரை நீட்டினால் 94 காட்டும். "உள்ளே போங்க" என்பார். ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து வந்தவரை நல்ல தமிழில் எழுதிய நோட்டீஸ் தடுக்காது.

இதில் எழுத்து வேலைக்கு முன்னால் ஒரு முடிவு தேவைப்படுகிறது. அந்த முடிவு எடுக்கும் அறைக்குள் நீங்கள் போயாக வேண்டும். பி.ஆர்.ஓ. என்றால் முடிவெடுத்த பிறகு கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் அழகா எழுதிக் குடும்மா" என்று சொல்லப்படும் ஆள் என்றுதான் பல இடங்களில் நினைக்கிறார்கள். சாதாரண நாளில் அதைச் சகித்துக்கொள்ளலாம், இப்போது முடியாது. ஹெச்.ஆர்.காரரோடு உட்கார்ந்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தனிமைப்படுத்திக்கொள்ளச் சொல்லி கம்பெனியே வீட்டுக்கு அனுப்பும் நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்களா? இரண்டு, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பணம் யார் யாருக்குக் கிடைக்கும்? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதற்குள் வருவார்கள். தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து மருத்துவச் சான்றும் இருந்தால், நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை கிடைக்கும் என்ற அளவில்தான் தெரிந்துவைத்திருப்பார்கள். "காய்ச்சல் இருந்தால் வராதீர்கள், இன்னின்ன சான்றோடு இன்னாரைப் பாருங்கள், பணம் இப்படி வரும்" என்று எழுதிப் பாருங்கள், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. "அனைத்து ஊழியர்களும் இதன் மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று தொடங்கும் நோட்டீஸை நானும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை, கையெழுத்து யாருடையது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் இந்த "சமூக இடைவெளி". அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமே மார்ச்சில் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு, உடலளவில் தள்ளி இருந்தால் போதும், உறவு விட வேண்டியதில்லை என்றது. அவர்களுக்கு இருந்த காரணத்தைவிட நமக்குப் பெரிய காரணம் இருக்கிறது. யார் யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று சாதி பார்த்து அளந்து வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்த அர்த்தம் ஒட்டிய சொல்லை எதற்குத் தொழிற்சாலைச் சுவரில் எழுத வேண்டும்? "ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்றால் முடிந்தது.

ஒடிசா, பீகார் பையன்களுக்கு கூகுளில் போட்டு எடுத்த இந்தியை ஒட்டியிருந்தீர்கள் என்றால் கழற்றிவிடுங்கள். ஒடியா பேசுபவருக்கு இந்தி இன்னொரு வேற்றுமொழி என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. அவர்களில் மற்றவர்கள் பேச்சைக் கேட்கிற ஒரு ஆள் இருப்பார், ஹாஸ்டலில் எந்தச் சண்டையையும் தீர்த்துவைக்கிறவர். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவர் போனிலேயே நாற்பது வினாடி வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் கோவையில் இருந்து சிறப்பு ரயில்களில் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததே பெரிது. இந்த முறை வதந்தி ஒன்று கிளம்பினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி கட்டிவிடுவார்கள். எம்.டி.யிடம் இதைச் சொல்லுங்கள், நியாயம் பேசுவதைவிட இது சீக்கிரம் புரியும்.

சூப்பர்வைசர்களை மறந்துவிடாதீர்கள். நோட்டீஸ் ஒட்டுவதற்கு அரை மணி முன்னால் அவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். போர்டைப் பார்த்தவன் நேராக சூப்பர்வைசரிடம்தான் போவான். "எனக்கே இப்பத்தான்பா தெரியும்" என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் நோட்டீஸ் செத்துப்போகும்.

சம்பளக் குறைப்புக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி மெயில் யாருடைய யோசனையோ தெரியவில்லை, ரொம்பப் பழைய யோசனை. இரண்டு நாள் லீவில் சூடு ஆறிவிடும் என்ற கணக்கு. ஆறாது. இரண்டு நாளும் வாட்ஸ்அப் குரூப்பில் வேகும், திங்கட்கிழமை கேட்டில் கொட்டும். மோல்டிங்கில் நிற்பவர் எந்த மெயிலைத் திறந்து பார்க்கப்போகிறார் என்பது வேறு கேள்வி. சட்டப் பக்கமும் இருக்கிறது. இப்போது (2020) நடப்பில் உள்ள தொழிற்தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி தொழிலாளர்களின் ஊதியத்தில் கை வைக்கும் முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கம்பெனி வக்கீலைக் கேட்டீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். முழுச் சம்பளம் தரச் சொன்ன மத்திய அரசின் மார்ச் 29 உத்தரவு மே 18 முதல் நடப்பில் இல்லை. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம் முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. பேசச் சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும். "தற்போதைய அரசு வழிகாட்டுதலின்படி" என்று சம்பளக் குறைப்பு நோட்டீஸில் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். சம்பளத்தைக் குறை என்று எந்த அரசும் வழிகாட்டவில்லை.

எம்.டி.க்கு ஒரு வீடியோ காட்டுங்கள். மேரியட் ஓட்டல் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆர்னி சோரன்சன் மார்ச் 19 அன்று தன் ஊழியர்களுக்காகப் பேசியது, சுமார் ஆறு நிமிடம். அப்போது கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர். தலையில் முடி இல்லை. இந்தத் தோற்றத்தில் வீடியோ வேண்டாமே என்று தன் ஆட்கள் தயங்கியதை அவரே முதலில் சொல்லிவிடுகிறார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலையும் 2009 நிதி நெருக்கடியையும் சேர்த்தாலும் இந்த அடிக்கு ஈடாகாது என்கிறார். கெட்ட சேதியைப் பூசி மெழுகவில்லை. 2020இன் மீதி மாதங்களுக்குத் தனக்குச் சம்பளம் கிடையாது, மேல்மட்ட அதிகாரிகளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டுத்தான் ஊழியர்களின் வேலை நேரத்தைக் குறைப்பதற்கு வருகிறார். ஓட்டல்களில் ஏராளமானவர்கள் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பப்பட்டது உண்மை, அந்த வலியை எந்த வீடியோவும் போக்காது. ஆனால் யார் கை முதலில் சுட்டது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

உங்கள் எம்.டி. எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்? இதை நீங்கள் கேட்பது கஷ்டம்தான். "தொழிலாளர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள் சார், என்ன பதில் எழுதட்டும்?" என்று பேனாவோடு நின்று கேளுங்கள். கேள்வி உங்களுடையது இல்லை, அவர்களுடையது என்று ஆகிவிடும். எவ்வளவு மாதம், எப்போது பழைய சம்பளம், பதினைந்தாயிரத்துக்குக் கீழே வாங்குபவருக்கும் இதே 25தானா, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அறிவிப்பை எழுதத் தொடங்காதீர்கள். யூனியன் இருந்தால் அவர்களிடம் முன்னால் பேசியிருக்க வேண்டும். பிறகு எம்.டி. தானே ஷிப்டு மாறும் நேரத்தில் வந்து நின்று தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படிக்கக் கூடாது. தடுமாறினாலும் பரவாயில்லை.

அந்த நிருபரைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டாம். "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்றால் அவர் "ஆமாம்" என்று எழுதிக்கொள்வார். கேட்டில் நிற்கும் யாரிடமாவது கேட்டுவிட்டு "நிர்வாகம் பதிலளிக்க மறுத்துவிட்டது" என்ற வரியைக் கடைசியில் சேர்ப்பார். ஐந்து பேருக்குத் தொற்று, இன்னின்ன செய்திருக்கிறோம், சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தாயிற்று என்று மூன்று வாக்கியம் கொடுங்கள். தொழிலாளர்களிடம் சொன்னதற்கு ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முக்கியமாக, அவர்களுக்குப் பிறகு இவருக்கு. தன் கம்பெனியில் நடந்ததைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வதைப் போல ஒரு அவமானம் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்குள் கொடுத்தால் அவரும் நிம்மதியாகப் பக்கம் முடிப்பார்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோவையில் தினமும் நானூறு, ஐந்நூறு பேருக்கு வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் வேறு வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். நான் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். "இதைச் சொல்லாதே" என்றால் சண்டை போட்டுப் பார்ப்பேன், தோற்றால் சும்மா இருப்பேன். "இல்லை என்று சொல்" என்றால் எழுத மாட்டேன். முன்னது சில சமயம் நிர்வாகத்தின் உரிமை. பின்னதில் என் கையெழுத்தை நம்பிப் பக்கத்து ஆளோடு ஒரே தட்டில் சாப்பிடப் போகிறவன் இருக்கிறான். ஜூலையில் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், நான் 2009இல் தாண்டினேன். திருத்தம் ஒட்ட எம்.டி. சம்மதித்தால் இருங்கள். திருத்தமும் கூடாது, இன்னொரு "பாதுகாப்பாக இருக்கிறது" எழுது என்றால், சத்தமில்லாமல் பயோடேட்டாவைத் தூசு தட்டுங்கள். அதுவரை ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்பெனி குரூப்பைப் பார்க்காதீர்கள், உங்களுக்கும் தூக்கம் வேண்டும்.

எம்.டி. சம்மதித்துவிட்டால், ஆபீஸ் பையனிடம் கொடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். நீங்களே போங்கள், இரண்டு மணி ஷிப்டு மாறும்போது. ஒட்டிவிட்டு ஒரு கால் மணி நேரம் போர்டு பக்கத்திலேயே, ஆறடி தள்ளி, நில்லுங்கள். யாராவது ஏதாவது கேட்பார்கள். பதில் தெரியாததை எழுதிக்கொள்ள ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும்.